கமராவைப் பார்த்த பிள்ளை

சுனாமிக் கடல் வந்து போன மறுவாரம். முள்ளியவளையில் அகதிகளைத் தங்கவைத்திருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் நஸீஹா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீரூற்று முஸ்லிம் பெண்கள் சேர்ந்து சமைத்து, லான்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக் கொண்டுவந்த சோறு. வரிசை வாசலைத் தாண்டி நின்றது. யாரும் யாரோடும் பேசவில்லை. தட்டை நீட்டினார்கள், நகர்ந்தார்கள்.

நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தட்டை நீட்டினாள். நஸீஹா நிமிர்ந்தாள். நன்றாகத் தெரிந்த முகம். வாய் முந்திக்கொண்டது.

“பச்சைச் சட்டைப் பிள்ளை எங்க அக்கா?”

நீட்டிய தட்டு அப்படியே நின்றது.

“நீ ஆர்?”

நஸீஹா அகப்பையைப் பிடித்தபடி நின்றாள்.

“உன்னை நான் ஒருநாளும் கண்டதில்லை. என்ர பிள்ளையை உனக்கு எப்பிடித் தெரியும்?”

பின்னால் நின்றவர், “சனம் நிக்குது பிள்ளை, வாங்கிக்கொண்டு அங்கால வாங்கோ” என்றார். அந்தப் பெண் நகரவில்லை. நஸீஹா மெல்லச் சொன்னாள், “வீடியோவில பாத்தனான் அக்கா. நான் வீடியோ வெட்டுறனான்.”

நஸீஹாவின் வாழ்க்கை அந்த ஒரு வரிக்குள் அடங்கும். தொண்ணூறாம் ஆண்டு முல்லைத்தீவு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது அவள் ஒன்பது வயதுப் பிள்ளை. புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்தாள். அங்கேயே பைறூஸைக் கட்டினாள். சமாதான காலத்தில் பாதை திறந்ததும் இருவரும் தண்ணீரூற்றுக்குத் திரும்பி, கூரையில்லாத பழைய வீட்டுக்குத் தகரம் போட்டுக் குடியேறினார்கள். பைறூஸிடம் ஒரு வீடியோ கமராவும், புத்தளத்தில் பழகிய கல்யாண வீடியோத் தொழிலும் இருந்தன. அவன் எடுப்பான், அவள் கொம்பியூட்டரில் வெட்டி ஒட்டி சிடி ஆக்குவாள்.

கல்யாண வீடுகளுக்கு அவள் போனதில்லை. வீடியோக்காரனின் மனைவியை யார் அழைப்பார்கள்? ஆனால் முல்லைத்தீவுக் கரையோரத்தில் அவளுக்குத் தெரியாத முகம் இல்லை. எந்தப் பெரியம்மா எந்தச் சின்னம்மாவோடு கதைப்பதில்லை, யார் இரண்டாம் பந்தியிலும் போய்க் குந்துவார், எந்தப் பொடியன் எந்தப் பெட்டையைப் பார்க்கிறான், எல்லாம் தெரியும். பெயர்கள் மட்டும் தெரியாது. அவளே பெயர் வைத்துக்கொண்டாள்: இரட்டைப்பந்தி ஐயா, குடைக்கார அம்மா, பச்சைச் சட்டை.

முதலில் அவர்கள் பாவித்தது கொழும்பில் வாங்கிய மென்பொருளின் கள்ளக் கொப்பி. ஒரு கல்யாணத்தில் சரியாகத் தாலி கட்டும் இடத்தில் மெசின் நின்று, செய்த வேலை முழுவதும் போனது. அடுத்த பெருநாளுக்கு வந்த அவளுடைய தம்பி றிஷாட், தான் படிக்கிற கம்பஸில் கொடுத்தார்கள் என்று ஒரு லினக்ஸ் சிடி கொண்டுவந்தான். அதோடு வீடியோ வெட்டுவதற்குக் கினோ என்றொரு மென்பொருள். உலகமெல்லாம் இருக்கிற ஆட்கள் சேர்ந்து எழுதியது, யாரும் பாவிக்கலாம், காசில்லை, களவுமில்லை என்றான்.

“சும்மா தாறாங்களெண்டா அதுக்குள்ள ஏதோ வில்லங்கம் இரிக்கும்” என்றான் பைறூஸ்.

“ஓம் மச்சான். லாத்தா இதைப் படிச்சா உங்களுக்குச் சோறு நேரத்துக்கு வராது. அதுதான் வில்லங்கம்” என்று அக்காவைப் பார்த்துச் சிரித்தான் றிஷாட்.

அவன் சொன்னதுதான் நடந்தது. அந்த மென்பொருளில் நஸீஹாவுக்குப் பிடித்த விசயம் ஒன்று: வெட்டினாலும் எதுவும் அழிவதில்லை. கமராவிலிருந்து இறக்கிய படம் முழுதாக அப்படியே கிடக்கும். எங்கே தொடங்கி எங்கே விடவேண்டும் என்ற குறிப்பை மட்டும் அது தனியாக வைத்துக்கொள்ளும். பிழையாக வெட்டினால் திரும்பப் போய் எடுக்கலாம். ஆனால் ஒரு கல்யாணமே ஹாட் டிஸ்க்கில் பெரிய இடத்தைப் பிடித்துவிடும். அதனால் சிடியைக் கொடுத்ததும் அசலை அழித்துவிடுவாள். கமராவுக்குப் புதிய ரேப் நாடா ஓமந்தைச் சோதனைச்சாவடி தாண்டி வவுனியாவிலிருந்து வரவேண்டும் என்பதால் பழைய ரேப்பிலேயே அடுத்த கல்யாணத்தை எடுப்பார்கள்.

வெட்டுவதில் முதல் வேலை பிள்ளைகள். கமராவைக் கண்டால் முன்னால் வந்து நின்று, கண்ணாடிக்குள் பார்க்கிற பிள்ளைகள். “தாலி கட்டேக்க மறைச்சுக்கொண்டு நிக்கிற இந்தக் குரங்கு ஆற்ற?” என்று வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார்கள். அதனால் கமராவைப் பார்க்கிற பிள்ளை எங்கே வந்தாலும் வெட்டு. இதில் பச்சைச் சட்டையை வெல்ல ஆளில்லை. ஆறு ஏழு வயது இருக்கும். எந்தக் கல்யாணத்துக்கும் அதே சட்டை. மணமக்களைப் பார்ப்பதே இல்லை, கமராவைத்தான் பார்ப்பாள். “இந்தச் சனியன் இண்டைக்கும் வந்திட்டுது” என்று சிரித்துக்கொண்டே நஸீஹா வெட்டுவாள்.

கடல் வந்த பிறகு அந்தச் சொல் அவளுக்குள் அடிக்கடி கேட்டது. கடைத்தெருவில் குடைக்கார அம்மாவைக் கண்டாள். இவா இருக்கிறா. இரட்டைப்பந்தி ஐயாவை எங்கும் காணவில்லை. யாரிடம் விசாரிப்பது? அவருடைய பெயரே தெரியாதே. இத்தனை பேரை மனதுக்குள் வைத்துக்கொண்டு அவள் தனியே தேடிக்கொண்டிருந்தாள். அவள் தேடுவது அவர்களில் ஒருவருக்கும் தெரியாது.

அடுத்த நாள் காலை அந்தப் பெண் விசாரித்துக்கொண்டு தண்ணீரூற்றுக்கே வந்துவிட்டாள். பெயர் இரஞ்சிதம். பிள்ளையின் பெயர் கஜந்தினி. கணவன் சமாதானத்துக்கு முந்திய வருடமே இல்லாமல் போனவர். நஸீஹா கதிரையை இழுத்துப் போட்டாள். இரஞ்சிதம் அதில் குந்தவில்லை.

“முப்பத்தோராம் நாள் காரியம் வருகுது தங்கச்சி. வைக்கப் படமில்லை. வீட்டோட எல்லாம் கடலில போட்டுது. பெரியாக்களுக்கு அடையாள அட்டைப் படமாவது எங்கையாவது கிடக்கும். ஏழு வயசுப் பிள்ளைக்கு என்ன அட்டை?”

“வேற சொந்தக்காரரிட்ட...”

“எல்லாரும் ஒரே கரைதானே.” அவள் குரல் இறங்கியது. “படத்துக்கு மட்டுமில்லை. ரெண்டாம் நாள்தான் அவளை எடுத்தவங்கள். கண்ணை மூடினால் அந்த முகந்தான் வருது. அது ஊதி... அது அவளில்லை. ஆனா அந்த முகம் வந்து மற்ற முகத்தைத் தின்னுது. சிரிச்சால் எப்பிடி இருப்பாள் எண்டு எனக்கு இப்ப வருகுதில்லை. எனக்கு மற்ற முகம் வேணும்.”

வருகிறவர்களுக்குக் காட்டவென்று வைத்திருந்த இரண்டு கல்யாண சிடிகள் இருந்தன. நஸீஹா ஜெனரேற்றரைப் போட்டாள். பச்சைச் சட்டையின் கை ஓரத்தில் வந்து போனது. பிறகு முதுகு. பிறகு ஒரு ரிபன் கட்டிய பின்னல், பந்திக்குள் ஓடி மறைந்தது.

“முகம் எங்க?”

நஸீஹா திரையைப் பார்த்தபடியே சொன்னாள். “முகம் வந்த இடமெல்லாம் நான்தான் வெட்டினனான் அக்கா. அவ கமராவைப் பாப்பா. அதால.”

இரஞ்சிதம் அழவில்லை, ஏசவுமில்லை. “கமராவைப் பாத்தவளோ” என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு அது புதினமாக இருந்தது.

அழிக்காத வேலை ஒன்று மட்டும் இருந்தது. கரையோரத்தில் செல்வநாயகம் என்பவருடைய வீட்டில் பெரியபிள்ளையான மகளின் சாமத்தியச் சடங்கு. மார்கழி பிறந்தால் நல்ல காரியம் செய்ய முடியாதென்று கார்த்திகைக் கடைசியில், மழைக்குள் அவசரமாக வைத்தார்கள். “தைப்பொங்கலுக்கு வந்து எடுக்கிறம்” என்று சொல்லிவிட்டுப் போனவர்கள். அந்த வீட்டில் ஒருவரும் மிஞ்சவில்லை. தொண்டு நிறுவனக்காரர் நிவாரண வேலை வீடியோக்களைக் கொண்டுவந்து குவித்ததால், இடம் வேண்டும், அதை அழி என்று பைறூஸ் இரண்டு முறை சொல்லிவிட்டான். நஸீஹா அழிக்கவுமில்லை, திறக்கவுமில்லை.

இப்போது திறக்கப் போகிறேன் என்றதும் அவன் வாசலில் நின்றுவிட்டான்.

“அது அமானிதம் நஸீஹா, நம்பித் தந்த பொருள். அவங்கட வீட்டுப் பொம்பிளப் பிள்ளைட சடங்கு. அவங்க கேக்காம நாம போட்டுப் பாக்கிறதா?”

“நேத்து அழிக்கச் சொன்னீங்க?”

“அழிக்கிறது வேற. பாக்கிறது வேற.”

“ஆர் வந்து கேக்கப் போறாங்க? சொல்லுங்க. பொங்கலுக்கு ஆர் வரப் போறாங்க?”

இரஞ்சிதம் பைறூஸின் பக்கம் திரும்பினாள். “தம்பி, செல்வநாயகம் அண்ணையின்ர மனுசி எனக்கு ஒன்றுவிட்ட அக்கா. சடங்குக்குப் பலகாரம் சுடுறதுக்கு என்னைத்தான் கூப்பிட்டவா. நான் கேக்கிறன். காணாதோ?”

அவன் தலையாட்டிவிட்டு, பின்னால் வந்து சுவரோடு நின்றுகொண்டான்.

படம் ஓடியது. பந்தல், மழைத்தண்ணீர் தேங்கிய முற்றம், வாழைமரம். ஆட்கள் வந்தார்கள். இரஞ்சிதம் ஒவ்வொருவரையும் பெயர் சொன்னாள். “இது வீரம்மா. கடலோட போட்டா. இது வீரம்மான்ர மருமகள். அவளும். இது நாகேஸ்வரி, இவ இருக்கிறா, காலில காயம்.” நஸீஹா இரட்டைப்பந்தி ஐயாவைக் கண்டு விரலை நீட்டினாள். “இவர்?” “பரமலிங்கண்ணை. போட்டார்.” நஸீஹாவுக்குத் தெரிந்த முகங்கள் ஒவ்வொன்றாகப் பெயர் பெற்றன. பெயரோடு சாவும் சேர்ந்தே வந்தது. திரையில் அவர்கள் பாட்டுக்குச் சிரித்தார்கள், சேலையைச் சரிசெய்தார்கள், மழை விடுமா என்று வானத்தைப் பார்த்தார்கள்.

பிறகு பச்சைச் சட்டை வந்தாள்.

நேரே வந்து திரையை நிறைத்து நின்றாள். முன்பல் ஒன்று இல்லை. நெற்றியில் திருநீறு கலைந்திருந்தது. வாய்க்குள் ஏதோ இனிப்பு. கண்ணை இடுக்கி உள்ளே பார்த்தாள். கமராவுக்குப் பின்னாலிருந்து பைறூஸின் குரல் கேட்டது:

“மறைக்காத பிள்ளை. அங்கால போ.”

“இந்தப் பெட்டிக்குள்ள என்ன தெரியுது?”

“நீதான் தெரியிறாய். போ.”

அவள் சிரித்தாள். அந்த நேரம் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. மணிக்கட்டில் எண்ணெய் சுட்ட தழும்பு. அது பிள்ளையின் புயத்தை இறுக்கிப் பிடித்து இழுத்தது. இழுபட்டுப் போகும்போதும் அவள் கமராவைத்தான் பார்த்துக்கொண்டு போனாள்.

சுவரோடு நின்ற பைறூஸ் வெளியே போய்விட்டான்.

“இன்னொருக்காப் போடுங்கோ” என்றாள் இரஞ்சிதம். நஸீஹா போட்டாள். இன்னொருக்கா. மூன்றாம் முறை, கை வருவதற்கு முன்னாலேயே நிறுத்தினாள். பிள்ளை சிரித்தபடி நின்றாள்.

“இதை எடுப்பம் அக்கா. நல்லா முழுசா இரிக்கி. படத்துக்கு இதுதான் வடிவு.”

“கொஞ்சம் விடுங்கோ. கை வரட்டும்.”

“கை வந்தா...”

“வரட்டும்.”

கை புயத்தைப் பிடித்த இடத்தில் நிறுத்தினாள். இரஞ்சிதம் திரைக்குக் கிட்டப் போனாள். தழும்பு இருந்த தன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

“அண்டைக்கும் இந்தக் கையாலதான் பிடிச்சனான். தண்ணி வந்து அடிக்க வழுகிட்டுது.” திரையிலிருந்த கையை விரலால் தொட்டாள். “இதில நான் விடேல்லை. இதை எடுங்கோ.”

அந்த ஒரு காட்சியைப் படமாக்கி, பைறூஸ் புதுக்குடியிருப்பு ஸ்ரூடியோவில் கொடுத்துப் பெருப்பித்துக்கொண்டு வந்தான். கொஞ்சம் கலங்கல்தான். ஆனால் முகம் தெரிந்தது, கையும் தெரிந்தது. வாங்கிப்போக இரஞ்சிதத்தோடு அவளுடைய அண்ணன் கதிர்காமநாதனும் வந்திருந்தார். படத்தைக் கண்டதும் முகம் மாறியது.

“இதென்ன தம்பி, கையை ஏன் விட்டனீங்கள்? உயிரோட இருக்கிற ஆளின்ர கைக்கு மாலை போடுறதோ? வெட்டிப்போட்டுத் தாங்கோ.”

“வெட்டலாம் அண்ணை, ஒரு நிமிச வேலை” என்றான் பைறூஸ். அவனுக்கும் அது சரியென்றுதான் பட்டது.

இரஞ்சிதம் படத்தை அண்ணனின் கையிலிருந்து வாங்கினாள். “வெட்ட வேண்டாம்.”

“விசர்க்கதை கதையாத. அபசகுனம்.”

“அந்தக் கையும் அண்டைக்குப் போனதுதான் அண்ணை.”

அவர் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு வெளியே போய் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

முப்பத்தோராம் நாள் காரியம் முள்ளியவளையில் கதிர்காமநாதன் வீட்டில் நடந்தது. நஸீஹாவை இரஞ்சிதம் நேரில் வந்து கூப்பிட்டிருந்தாள். தான் சிடியில் பார்த்த ஒரு கூட்டத்துக்குள் நஸீஹா முதல் தடவையாகப் போனாள். குடைக்கார அம்மா பக்கத்தில் வந்து இருந்து, “நீங்கள் ஆர் பகுதி?” என்று கேட்டார். நஸீஹா என்ன சொல்வதென்று தெரியாமல் படத்தைக் காட்டினாள். படத்துக்குப் போட்ட மாலை பிள்ளையின் கழுத்தைச் சுற்றி, பிடித்திருந்த கையையும் மூடிக் கிடந்தது. வந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள். பிறகு, விளக்குத் திரியைத் தூண்டிக்கொண்டிருந்த இரஞ்சிதத்தின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். நஸீஹா எந்தப் பக்கம் நகர்ந்து இருந்தாலும் பிள்ளை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். செல்வநாயகம் வீட்டுச் சடங்குக்குப் போனவர்கள், போனவர்களின் சொந்தக்காரர், வெளியூர்ச் சொந்தத்திடம் தப்பிக் கிடந்த சிடிகளைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தவர்கள். நஸீஹா பெயரைக் கடைசியாகத்தான் கேட்பாள். முதலில் கேட்பது, “அண்டைக்கு என்ன உடுப்பு?” அடுத்தது, “கமராவைப் பாக்கிற ஆளா, முகத்தைத் திருப்புற ஆளா?” திருப்புகிறவர் என்று சொன்னால் அவளுக்குத் தெரியும், தேடல் நீளும் என்று. செல்வநாயகம் வீட்டு வேலையை அவள் அழிக்கவில்லை. பைறூஸும் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

மாசியில் கரையோரச் சனத்துக்குள் முதல் கல்யாணம் நடந்தது. நலன்புரி முகாமுக்குப் பக்கத்தில், சின்னப் பந்தலில். பைறூஸ் எடுத்துக்கொண்டு வந்தான். நஸீஹா ஜெனரேற்றரைப் போட்டு, தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடவிட்டுப் பார்த்தாள். மணவறை, ஐயர், தாலி, அறுகரிசி போட்டு வாழ்த்த நின்ற பெரியவர்கள். எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. ஒரு பிள்ளையும் முன்னால் வந்து மறைக்கவில்லை.

“எப்பிடி வந்திரிக்கி?” என்று குசினிப் பக்கமிருந்து பைறூஸ் கேட்டான்.

“வெட்டுறதுக்கு ஒண்டும் இல்ல” என்றாள் நஸீஹா.