பேசு என்று சொல்லாத வைத்தியம்

எம்.பி.பி.எஸ். முடித்தபோது எங்கள் வீட்டில் ஆட்டுக்கறி சமைத்துத் தெருவுக்கே போட்டார்கள். மனநல மருத்துவத்தில் மேற்படிப்பு முடித்தபோது கோழி. அதற்கும் மேலே, குழந்தைகளுக்கும் வளரிளம் பிள்ளைகளுக்கும் மட்டுமான மனநல மருத்துவம் என்று இன்னொரு மூன்று வருஷப் படிப்பு இருக்கிறது, அதில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது என்று சொன்ன அன்று அம்மா வெறும் ரசம் வைத்தாள்.

"இன்னாடி இது, படிக்கப் படிக்க சின்னதாயிக்கினே போவுது? மொதல்ல எல்லாருக்கும் டாக்டர்னே. அப்பால மனசு சரியில்லாதவங்களுக்குன்னே. இப்ப கொயந்தைக்கு மட்டும்னுறே. கடைசில யாருக்குதான்டி வைத்தியம் பாப்பே?"

நைனாதான், "படிக்கட்டும் வுடு" என்றார். ஆரம்பாக்கத்தில் நெல் போடுகிறவர். அந்த ஒரு சொல்லுக்கு நான் அவருக்கு எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன் என்பது அப்போது எனக்கே தெரியாது.

படிப்பில் சேர்ந்த பிறகுதான் வந்தது கோபம். நாற்காலி மேஜை போட்டு, பெரியவர்களிடம் கேள்வி கேட்டு, மருந்து எழுதிப் பழகியவளைத் தரையில் உட்கார வைத்து, கையில் களிமண்ணைக் கொடுத்தார்கள். குழந்தைகள் வார்டுக்கு அனுப்பினார்கள், நரம்பியல் பிரிவுக்கு அனுப்பினார்கள், பேச்சுப் பயிற்சி கொடுக்கிற இடத்துக்கும், பள்ளிக்கூடங்களுக்கும், சிறுவர் இல்லத்துக்கும் அனுப்பினார்கள். போகிற இடமெல்லாம் நான்தான் கடைசி பெஞ்ச். நான் குழந்தையோடு இருக்கும்போது கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் எங்கள் பேராசிரியை மேடம் உட்கார்ந்து பார்ப்பார். குரலே உயர்த்தாத மனுஷி. அதுதான் எனக்கு எரிச்சலே. "இவ்வளவு கேள்வி கேட்டியேம்மா, அந்தக் குழந்தை உன்னை ஒண்ணாவது கேட்டுச்சா?" என்பார். நமக்கு முகம் சுண்டிப்போகும்.

பயிற்சியில் ஒரு ஏற்பாடு உண்டு. ஏதாவது ஒரு குழந்தையை ஆரம்பத்திலிருந்து நாமே தொடர்ந்து பார்க்க வேண்டும். வீடு, பள்ளி, தெரு என்று அது வாழ்கிற இடமெல்லாம் போக வேண்டும். பழவேற்காட்டில் வாரம் ஒரு நாள் முகாம் இருந்தது. எங்கள் ஊருக்கு அக்கரைதானே, போய்விட்டு அப்படியே அம்மா கையால் சாப்பிடலாம் என்று ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கினேன். ஏரியைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தால் அரை நாள் ஆகும் என்பது போன பிறகுதான் உறைத்தது.

அந்த முகாமுக்குத்தான் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து ஒரு அம்மா தன் மகளைக் கூட்டிவந்தாள். ஏழாவது படிக்கிற பெண். வீட்டுக்குள் கலகலவென்று பேசுவாள். வாசற்படி தாண்டினால் ஒரு வார்த்தை கிடையாது. ஒரு வருஷமாக இப்படி. பள்ளியில் வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். இந்த வருஷமும் வாய் திறக்காவிட்டால், பேச்சு வராத பிள்ளைகள் படிக்கிற பள்ளியாகப் பார்த்துச் சேர்த்துவிடுங்கள் என்று டீச்சர் சொல்லிவிட்டார்களாம்.

"அதெல்லாம் எங்க ஊருல ஏது மேடம்? நின்னுட்டா எறா உரிக்கத்தான் போவணும். என்னிய மாதிரி" என்றாள் அம்மா. பெண் தலை நிமிரவில்லை. ஆனால் அந்த வார்த்தைக்கு அவள் கை அம்மாவின் புடவையை இறுக்கிப் பிடித்ததைப் பார்த்தேன்.

நான் பேசு என்று சொல்லவில்லை. மேடம் அந்த அளவுக்காவது என்னைத் தேற்றி வைத்திருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நானும் படம் வரைந்தேன். என் மீனைப் பார்த்து அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு! என் ஓவியத்தால் விளைந்த ஒரே நன்மை அது.

அவர்கள் வீட்டுக்கே போன அன்றுதான் விஷயம் தெரிந்தது. கடலுக்குப் போகிறவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பது அந்தக் குப்பத்தின் வழக்கம். ஏரியின் மேற்குக் கரைக்காரியான எனக்கு அது தெரியாது. போன வருஷம் ஒருநாள், படகைத் தள்ளி ஏறுகிற நேரத்தில் இந்தப் பெண் பின்னாலேயே ஓடி, "நைனா, எப்ப வருவ?" என்று கத்தியிருக்கிறாள். அன்றைக்கென்று நடுக்கடலில் என்ஜின் நின்றுபோய், வலையும் போய், மறுநாள்தான் கரை சேர்ந்தார்கள். படகு பெரியப்பாவுடையது. கரையில் கால் வைத்ததும் எல்லார் எதிரிலும், "உன் வாயாலதான்டி எல்லாம் போச்சு, இனிமே அதத் தொறக்காத" என்று சீறியிருக்கிறார். அவர் அதை அன்றே மறந்துவிட்டார். இவள் மறக்கவில்லை.

எனக்கு ரத்தம் கொதித்தது. அந்த மனுஷனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்கிறேன் பார் என்று மேடத்துக்குப் போன் போட்டேன்.

"தாராளமா கேளு" என்றார் மேடம். "உனக்கு மனசு ஆறிடும். நீ பஸ் ஏறிப் போயிடுவே. அந்தப் பொண்ணு அதே பெரியப்பா வீட்டுக்குப் பக்கத்துலதானே இருக்கணும்?" பிறகு, "சின்ன வயசுலேர்ந்தே பயந்த சுபாவம்னு அவங்க அம்மா சொன்னதை எழுதியிருக்கே இல்ல? அந்தப் பயத்து மேல இந்தச் சொல் விழுந்திருக்கு. குற்றவாளியைத் தேடாதே. உதவிக்கு ஆள் தேடு" என்றார். இத்தனை வருஷப் படிப்பில் எனக்குக் கிடைத்த பெரிய பாடம் அந்த ஒரு போன்தான். அன்றைக்கு எரிச்சலோடுதான் வைத்தேன்.

படிப்படியாகப் போனோம். முதலில் நான் வாசலில் நிற்க, உள்ளே அவள் அம்மாவோடு பேசினாள். பிறகு வீட்டுக்கு வெளியே, ஆனால் ஊரார் காதில் விழாத இடம் வேண்டும். அது பழவேற்காட்டில் எங்கே கிடைக்கும்? டச்சுக்காரர்கள் கல்லறைக்குப் போனோம். அங்கே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்த்து அவள் மிரண்டபோது அம்மா சொன்னாள்: "பயப்படாத கண்ணு. இவங்கள்லாம் டச்சுக்காரங்க. நீ இன்னா பேசினாலும் புரியாது." பெண் அம்மா காதில் ஏதோ குசுகுசுத்தாள். எனக்குக் கேட்கவில்லை. வெட்டவெளியில் ஒரு வருஷத்துக்குப் பிறகு வந்த குரல். திரும்புகிற வழியெல்லாம் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அதற்கு மேல் நகரவில்லை. பரீட்சையோ நெருங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பாவிடம் போனேன். வலையைச் சீர்பண்ணிக்கொண்டிருந்தவர், நான் சொல்லி முடிக்கும் வரை கையை நிறுத்தியே வைத்திருந்தார்.

"நான் சொன்னதுக்கா வாய மூடிக்கிச்சி? திமிர்ல பேசலன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்" என்றார். வலையைக் கீழே வைத்துவிட்டு, "கால்ல வுயணும்னா வுயறேன் டாக்டரம்மா" என்றார்.

"ஐயோ அண்ணே, அதெல்லாம் பண்ணிடாதீங்க, அது இன்னும் பயந்துடும். பேசுன்னு கெஞ்சவும் வேணாம். நீங்க படகு தள்ற நேரத்துக்கு அது கரைக்கு வந்து நிக்கட்டும். வெரட்டாம இருந்தாப் போதும்."

நான் கேட்டது சின்ன விஷயம் இல்லை. பின்னாலிருந்து கூப்பிட்ட பெண் என்று ஊருக்கே தெரிந்தவள், தினமும் அவர்கள் கிளம்புகிற நேரத்தில் முதுகுக்குப் பின்னால் நிற்பாள். அவரோடு வலை சீர்பண்ணிக்கொண்டிருந்த, படகில் போகிற மற்ற இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் பெண்டாட்டி பிள்ளைகள் உண்டு. கடைசியில் ஒருவர், "நம்ம வூட்டுப் புள்ளன்னா இன்னா பண்ணுவோம்? நிக்கட்டும் வுடுண்ணா" என்றார். அந்த மனுஷரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

தினமும் வந்து நின்றாள். வாய் திறக்கவில்லை. யாரும் திறக்கச் சொல்லவும் இல்லை. நான் முகாமுக்கு முதல் நாளே வந்து அங்கே நர்ஸ் அக்கா வீட்டில் தங்கி, விடிகிற நேரத்தில் போய்ப் பார்ப்பேன். பள்ளிக்கூடத்துக்கும் போய், வாய்த் தேர்வை இந்த ஒரு முறை எழுத்தாக வைத்துக்கொள்ளுங்கள், பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று கெஞ்சினேன். டீச்சர் நல்ல மாதிரி. ஒத்துக்கொண்டார். அவள் எட்டாவதுக்குப் போனதும், அங்கே முதல் வரிசையில் நின்று பாடம் வாசித்ததும், நான் பரீட்சை எழுதிப் பட்டம் வாங்கியதும் எல்லாம் பிறகு நடந்தவை. அவற்றுக்கெல்லாம் வழி திறந்தது ஒரு காலையில்தான்.

அன்று அலை கொஞ்சம் கூடுதல். நாலு பேரும் படகைத் தள்ளி, ஏறி, என்ஜினைக் கிளப்பிவிட்டார்கள். படகு நகர்ந்த பிறகுதான் பார்த்தோம். சோற்றுத் தூக்கு மணலிலேயே இருந்தது. அம்மாவுக்கு வாய்வரை வந்துவிட்டது. ஆனால் அந்தக் குப்பத்தில் பிறந்து வளர்ந்தவள் அவள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்கும் கத்தத்தான் தோன்றியது. எதுவோ தடுத்தது.

"நைனா!"

எனக்குப் பக்கத்திலிருந்துதான் வந்தது. "நைனா! சோறு! சோத்த வுட்டுட்டுப் போறியே!"

கரையில் வலை உதறிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அம்மா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டாள். நான் கடலைப் பார்த்தேன். கூப்பிட்டால் காதில் விழாத மாதிரி போவதுதான் அங்கே வழக்கம். படகு சற்றுத் தூரம் போயிற்று. பிறகு மெல்ல வளைந்து, மூக்கைக் கரைப்பக்கம் திருப்பியது.

அவளுடைய அப்பா படகிலேயே நின்றார். முகத்தை லுங்கியால் துடைத்துக்கொண்டிருந்தார். குதித்தது பெரியப்பாதான். இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்து, சொட்டச் சொட்ட அவள் எதிரில் நின்றார். அவள் தூக்கை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"நல்ல வேள கூப்ட்டே கண்ணு. இல்லாங்காட்டி இன்னிக்கி நாலு பேரும் பட்டினி" என்றார்.

நான்கைந்து அடி போனவர் நின்று, அவள் பக்கம் திரும்பினார்.

"வேற எதனா மறந்துட்டோமா? பாத்து சொல்லு."

அவள் படகை நன்றாகப் பார்த்தாள். பிறகு ஒரு வருஷமாக நிமிர்ந்து பார்க்காத பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து, எல்லார் காதிலும் விழும்படிக் கேட்டாள்:

"எப்ப வருவீங்க பெரியப்பா?"

அவர் நின்ற இடத்திலிருந்தே, "சாயங்காலம் வந்துடுவோம்மா" என்றார்.