முழிப்பு மாத்திரை

பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் அந்த அம்மாள், பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர்காரரைப் பார்த்துத் தினமும் சிரிப்பாள். அந்த ஆள் நாசமாய்ப் போக வேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேதான் சிரிப்பாள். இரண்டும் ஒரே முகத்தில் எப்படி முடியும் என்று கேட்காதீர்கள். பெற்ற வயிறு எரிந்தால் எல்லாம் முடியும்.

அவள் மகன் நன்றாகப் படித்த பையன். பரீட்சைக்குக் கண்விழிக்கத்தான் ஆரம்பித்தான். வளையலும் ஹேர்கிளிப்பும் தொங்கும் அந்தக் கடையில், கேட்கத் தெரிந்தவர்களுக்கு மாத்திரையும் கிடைக்கும். பிள்ளைகள் அதற்கு வைத்த பெயர் 'முழிப்பு'. இப்போது மகனுக்குப் படிப்பும் இல்லை, தூக்கமும் இல்லை. ஜெராக்ஸ் கடையின் பின்னறையில் உட்கார்ந்து சுவரோடு பேசுகிறான். நான்கு தாளை நேராக அடுக்கக்கூடக் கை நிற்பதில்லை. அம்மாள் போலீஸில் புகார் கொடுத்தாள். சோதனைக்கு ஆள் வருவதற்குள் மாத்திரை மாயமாகிவிட்டது. "பையனைக் கொஞ்சம் கண்டிச்சு வளர்த்திருக்கலாம் தங்கச்சி" என்று அந்த மனுஷர் உச்சுக்கொட்டிவிட்டு வேறு போனார். அன்றைக்கே கறுவிக்கொண்டாள்.

ஜெராக்ஸ் எடுக்க நிற்கும் பிள்ளைகளுக்கு மெஷினும் அவளும் ஒன்றுதான். அவள் முன்னாலேயே எல்லாம் பேசுவார்கள்.

"அது போதை இல்லடி. பொடி, ஊசி, அதெல்லாம்தான் போதை. இது வெறும் மாத்திரை."

"பரீட்சை முடிஞ்சதும் விட்டுட வேண்டியதுதான்."

அவள் மகனும் இதையேதான் சொன்னான்.

இன்று சாயங்காலம் ஒருத்தி அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைப் பிதுக்கி, தோழியின் உள்ளங்கையில் வைத்தாள். வாங்கிக்கொண்டவள் ஃபேன்ஸி ஸ்டோர்காரரின் ஒரே மகள். வகுப்பு முழுக்கத் தெரிந்த விஷயம் அவளுக்கு மட்டும் தெரியாது. தெரிந்தால் வீட்டில் சண்டை வரும், சரக்கு நின்றுவிடும் என்று மற்றவர்கள் மூச்சுவிடவில்லை.

அம்மாளுக்கு உள்ளே ஜில்லென்றது. பேசாமல் இருந்தால் போதும். விழுங்கட்டும். அவனும் ஒரு பின்னறையை ஒழித்துவைக்கட்டும்.

அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலைத் திறந்தாள். அப்போதுதான் அம்மாளுக்கு உறைத்தது. இவள் விழுங்கிக் கெட்டால் அந்த ஆள் தலைவிதி என்று அழுதுவிட்டுப் போவான். தான் விற்றதுதான் என்று அவனுக்குத் தெரிய வேண்டாமா? எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்து, தரதரவென்று பக்கத்துக் கடைக்கு இழுத்துப்போனாள். கடை நிறைய ஆட்கள்.

"அண்ணே, உங்க பொண்ணு ராத்திரி கண்ணு முழிச்சுப் படிக்கணுமாம். என் பையனுக்கு வித்தீங்களே, அதே மாத்திரைதான். முழுங்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க."

அவள் மணிக்கட்டை உதற, கண்ணாடிப் பெட்டிமேல் மாத்திரைகள் உருண்டன. அவர் பாய்ந்து பொத்தினார்.

"ஐயோ, இதை வாயில வெச்சியா? சொல்லுடி! இது விஷம்மா!"

வளையல் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள்.

"விஷம்னு தெரிஞ்சுதான் வித்தீங்களா அண்ணே?" என்றாள் அம்மாள்.

பின்னாலேயே ஓடிவந்த தோழியை மகள் திரும்பிப் பார்த்தாள். "இதை எங்கப்பாகிட்டயா வாங்கினே?"

தோழி தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மகளின் தோளைத் தொடக் கை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டு, ஜெராக்ஸ் கடை அம்மாளின் முதுகுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டாள்.

நீட்டிய கை அப்படியே நின்றது. அம்மாள் அதைக் கண்ணாரப் பார்த்தாள். பாவமாகவே இல்லை. வயிறு குளிர்ந்தது.