தட்டில் வந்த பணம்

அன்றைக்கு எங்கள் வீட்டில் இருந்தவர்கள் அப்பா, அம்மா, தாய்மாமன், ஊர்க்கவுண்டர், அப்புறம் நூல் மில்லுக்கு ஆள் பிடிக்கிற ஏஜெண்டு. உறைமோர் கேட்டு வந்த பக்கத்து வீட்டு அத்தையும் கிண்ணத்தோடு கதவோரம் நின்றுவிட்டாளாம். இல்லாதவர்கள் இரண்டு பேர். நான் சேலத்தில் காலேஜ் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தேன். என் தங்கச்சி எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறித்துக்கொண்டிருந்தாள். பேச்சே அவளைப் பற்றித்தான்.

அம்மா இதைப் பலமுறை சொல்லியிருக்கிறாள். எங்கே தொடங்கினாலும் அந்தத் தட்டில் வந்து நின்றுவிடுவாள். பித்தளைத் தட்டு. வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே பணம். மூன்று வருஷம் மில் வேலை, தங்க ஹாஸ்டல், மூன்று வேளை சோறு, முடித்து வரும்போது கல்யாணச் செலவுக்கு மொத்தமாக ஒரு தொகை. இப்போது கொடுக்கிற பதினெட்டாயிரம் அட்வான்ஸ் என்று ஏஜெண்டு சொன்னானாம்.

ஏற்காட்டு மலைமேல் எங்கள் ஊரில் பொண்ணு கேட்டு வருகிறவர்கள்தான் பரிசம் கொடுப்பார்கள். அதைத் தட்டில் வைத்து, ஊர்க்கவுண்டர் தொட்டுக் கொடுக்க, அப்பன் வாங்க வேண்டும். வாங்கிவிட்டால் அவள் அந்த வீட்டுப் பொண்ணு, பேச்சு மாறக் கூடாது. ஏஜெண்டு மலைக்குக் கீழேயிருந்து வருகிறவன். ஆனால் மாரமங்கலம் சுற்றுவட்டாரத்தில் எத்தனை வீட்டில் சாப்பிட்டிருந்தானோ, எங்கள் வழக்கம் அத்தனையும் அவனுக்கு அத்துப்படி. சும்மா கையில் கொடுத்திருந்தால் அது கடன். கடன் கொடுத்தவனிடம் தவணை கேட்கலாம், சண்டை போடலாம். அவன் தட்டில் வைத்து, ஊர்க்கவுண்டரைத் தொடச் சொல்லி நீட்டினான்.

அம்மாவுக்கு மட்டும் உறுத்தியிருக்கிறது. "ஏனுங்க, வேலைக்குப் போற புள்ளைக்குத் தட்டு எதுக்குங்க?"

"நல்ல காரியமுங்க அக்கா. மருவாதியாச் செய்யோணுமில்லீங்களா?"

அந்த ஒரு வார்த்தையில் அப்பா விழுந்துவிட்டார். மிளகு எடுக்க வருகிறவன்கூட எங்கள் வாசலில் நின்றபடியே விலை பேசிவிட்டுப் போவான். இவன் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அப்பாவை 'மாமா' என்று கூப்பிட்டான். ஐப்பசி மழையில் எங்கள் பின்சுவர் சரிந்து, கோணிச்சாக்கு தொங்கிக்கொண்டிருந்த நேரம் அது. அப்பா தட்டை வாங்கினார்.

நான் ஊருக்கு வந்தபோது தங்கச்சி பையில் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பதினேழு வயசு.

"ஏனுங்க காலேஜு, தங்கச்சி மில்லுக்குப் போறேன், ஒரு ரிப்பனாச்சும் வாங்கியாரக் கூடாதா?"

"போவாத புள்ள."

"நல்லாச் சொன்ன போ. அப்பன் தட்ட வாங்கிட்டாரு. நான் போவலீனா அவரு மூஞ்சிய எங்க கொண்டுபோயி வெச்சுக்குவாரு?" பையை முழங்காலால் அமுக்கி ஜிப்பை இழுத்தாள். "நீ படிச்சு முடிக்கறதுக்குள்ள நான் சூப்பர்வைசர் ஆயிருவேன், பாரு. அப்பறம் உனக்கு நான்தான் வேல போட்டுக் குடுக்கோணும்."

எங்களிடம் போன் இல்லை. ஏற்காடு பஜாரில் எங்கள் மிளகு வாங்குகிற பாய் கடைக்கு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணுவாள். அம்மா பஸ்ஸேறிப் போய்க் காத்திருப்பாள். பக்கத்தில் வார்டன் நிற்பது பேச்சிலேயே தெரியும். நல்லா இருக்கறேன், சோறு நல்லா இருக்குது, வெச்சரட்டுமா. அப்புறம் அந்தப் போனும் நின்றது. அப்பா ஒருமுறை மில் கேட் வரைக்கும் போனார். பெற்றவர்களைப் பார்த்தால் பிள்ளைகளுக்கு ஏக்கம் வந்துவிடும் என்று வாட்ச்மேன் திருப்பி அனுப்பினான். கொண்டுபோன முறுக்கைக்கூட வாங்கவில்லை. அதை அப்பா பஸ்ஸில் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார்.

இரண்டாம் வருஷம் ஒரு மத்தியானம் அவள் தானாக வந்து பாய் கடை முன்னால் நின்றாள். கையில் பை இல்லை, காலில் செருப்பில்லை. உடம்பு சரியில்லை என்று மில்லுக்கு வெளியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்கிறார்கள். அங்கிருந்து தப்பி சேலம் பஸ்ஸைப் பிடித்திருக்கிறாள். பாயின் சம்சாரம் அவளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டார். அலசுகிற தண்ணீரில் பஞ்சு மிதந்துகொண்டே இருந்ததாம். சாப்பிட உட்கார்ந்தவள் இருமி இருமி இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. பாய் தன் டிவிஎஸ்ஸில் உட்காரவைத்து எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து விட்டார்.

அந்த வாரமே ஏஜெண்டு ஜீப்பில் வந்தான். கூட இரண்டு ஆட்கள். கையில் அதே பித்தளைத் தட்டு, காலியாக.

"பொண்ணு ஓடியாந்துட்டாளுங்க. ஒண்ணு அனுப்புங்க, இல்லீனா தட்டத் திருப்புங்க. நான் ஞாயத்துக்கு மேல ஒரு வார்த்த பேசலீங்க."

கோயில் முன்னால் ஊர் கூடியது. சேதி கேட்டு நானும் வந்திருந்தேன். காலேஜில் எங்கள் வாத்தியார் ஒருவரிடம் முன்னமே விசாரித்திருந்தேன். அட்வான்ஸ் கொடுத்து ஒருத்தியைக் கட்டிவைப்பதே குற்றம், அந்தக் கடனே செல்லாது, அவள் வேலை செய்ததற்கான கூலிதான் பாக்கி என்று அவர் சொல்லியிருந்தார். ரெவின்யூ ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போனால் கேட்பார்கள். பாய் ஜீப் பிடித்துத் தருகிறேன் என்றார். இதையெல்லாம் நின்றுகொண்டு சொன்னேன்.

ஊர்க்கவுண்டர் பொறுமையாகக் கேட்டார். "சட்டம் கீழ இருக்குது சாமி. தட்டு இங்கதான வாங்குனோம்? நானே தொட்டுக் குடுத்தேன்."

"காலேஜுல சோத்துத் தட்ட மட்டுந்தான் காட்டுவாங்களாட்டம் இருக்குது" என்றான் ஒருத்தன். சிரித்தார்கள்.

அவளைக் கேளுங்கள் என்றேன். அம்மாவின் முதுகோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் இருமல் நிற்கும் வரைக்கும் காத்திருந்து கேட்டாள்: "என்ற கூலிய யாரு தருவாங்க?"

"மூணு வருசம் முடிச்சாத்தானே கண்ணு கூலி" என்றான் ஏஜெண்டு, செல்லமாக.

அப்பா என்னைத் தனியே கூப்பிட்டார். "அவள அனுப்ப மாட்டேன். அது முடிஞ்சு போச்சு. ஆனா சபையில கை நீட்டி வாங்குனத சபையிலதான் குடுக்கோணும். உன்ற சட்டத்துல போனா பொண்ணு நிப்பா, என்ற பேச்சு நிக்குமா சாமி?"

மிளகுக் கொடிகளை மூன்று வருஷ மகசூலுக்குப் பாயிடம் எழுதிக் கொடுத்தார். "வேண்டாங்க, அந்தப் பயலுக்கு நீங்க ஒத்தப் பைசா தரவேண்டியதில்ல" என்று சொல்லிப் பார்த்து, பாயும் பணத்தை எடுத்துக் கொடுத்தார். மீதிக்கு அம்மாவின் தோடு போனது.

மறுபடி கோயில் முன்னால் தட்டு. அப்பா வெற்றிலையைப் பரப்பி நோட்டுகளை எண்ணி வைத்தார். எனக்குக் கசந்தாலும், விட்டது சனி என்றுதான் நினைத்தேன். அப்போது அப்பா மடியை அவிழ்த்து ஒரு ரூபாய்க் காசை எடுத்தார். அம்மா சட்டென்று எழுந்தாள்.

"ஏனுங்க, அத வெக்காதீங்க. அது வேண்டாமுங்க."

அப்பா காசை வெற்றிலைமேல் வைத்துவிட்டிருந்தார். பரிசத்தைத் திருப்பும்போது எங்கள் வழக்கத்தில் ஒற்றை ரூபாய் சேர்த்து வைப்பார்கள். உறவு முறிந்தது என்பதற்கு அது அடையாளம். அது இல்லாமல் தட்டைத் திருப்பி அப்பா பார்த்ததே இல்லை. குறையில்லாமல் செய்ய வேண்டும் என்றுதான் வைத்தார். ஊர்க்கவுண்டரும் பழக்கத்தில் தட்டைத் தொட்டு, "தீந்தது" என்றார்.

என் தங்கச்சி தீந்தவள் ஆனாள். புருஷன் வீட்டை விட்டு முறித்துக்கொண்டு வந்தவளை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். அவளுக்குப் புருஷனும் இல்லை, வீடும் இல்லை. இருந்தது ஒரு மில். ஆனால் தட்டு வந்ததையும் ஒற்றை ரூபாயோடு திரும்பியதையும் ஊரே பார்த்தது. வெள்ளக்கடை ஊரில் அவளைக் கேட்பதாக இருந்த வீட்டார் பேச்சை விட்டார்கள். சீர் நடக்கும் இடத்தில் "கொஞ்சம் தள்ளி நில்லு கண்ணு" என்றார்கள். கடுமையாக ஒருத்தரும் சொல்லவில்லை. பாசமாகத்தான் சொன்னார்கள்.

கூலிக்காக நான் மனு எழுதினேன். அவளும் நானும் ஆபீசுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மாறி மாறி நடந்தோம். கூலி வரவில்லை. இருமல் குறைந்தது, போகவில்லை.

அடுத்த வருஷம் அந்த ஏஜெண்டு மறுபடி தட்டோடு வந்தான். இந்த முறை உறைமோர் அத்தையின் வீட்டுக்கு, அவள் மகளைக் கேட்டு. சேதி தெரிந்ததும் என் தங்கச்சி விறுவிறுவென்று போய், தட்டுக்கு முன்னால் முழங்கால் மடக்கி உட்கார்ந்துவிட்டாள்.

"எந்திரி கண்ணு, தட்டு மாத்தற எடம்" என்றார் ஊர்க்கவுண்டர்.

"மாத்துங்க. நான் தீந்தவதானுங்களே? தீந்தவ மூஞ்சியில முழிச்சு மாத்துங்க பாக்கலாம்."

ஊர்க்கவுண்டர் கையை இழுத்துக்கொண்டார். ஏஜெண்டு என்னென்னவோ பேசினான். அவள் நகரவில்லை. இருமல் வந்தபோதும் வாயைப் பொத்தவில்லை. தட்டு வந்தபடியே ஜீப் ஏறியது.

அதற்குப் பிறகு ஜீப் மேலே வந்தால் பாய் கடையிலிருந்து தகவல் வந்துவிடும். பக்கத்து ஊர்களிலிருந்தும் அம்மாமார்கள் ரகசியமாக ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார்கள். மில்லிலிருந்து வந்த இரண்டு பெண்கள் எங்கள் வீட்டில்தான் வந்து படுத்து அழுதார்கள். அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனதும் அவள்தான். தட்டைத் திருப்ப வேண்டாம் என்று அவர்களின் அப்பன்களிடம் சண்டை போட்டதும் அவள்தான்.

போன தை மாதம் அத்தையின் மகளுக்கு நிஜமான பரிசம். அந்தப் பெண்ணை மில்லுக்குப் போகாமல் காத்தவள் என் தங்கச்சி. அவள் அன்றைக்கு அத்தை வீட்டுக் கொல்லைப்புறத்தில் அடுப்புக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே வா என்று அத்தை கூப்பிடவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உள்ள போண்ணா. பந்தி போட்டுட்டாங்க."

"நீ வா, போலாம்."

"நான் போனா இதுவும் நின்னுரும்" என்று சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அப்பா உள்ளிருந்து எழுந்து வந்து எங்களோடு நின்றார். தட்டு மாற்றும் சத்தம் உள்ளே கேட்டது. "பதினெட்டாயிரத்தோட நிறுத்தியிருக்கலாம் சாமி" என்றார்.

அவர் கொடுத்தது பதினெட்டாயிரத்து ஒரு ரூபாய்.