நூர் அகமது போட்ட டிக்

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் ஒன்றில் சுமை தூக்கியே காலத்தை ஓட்டிய நூர் அகமதுக்கு, ரமலான் வந்துவிட்டால் மட்டும் ராஜநடை வந்துவிடும். இருபத்தாறு வருடமாகத் தெருப் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சி அவர் கைப்பக்குவம்தான். நோன்பு வைத்தவர் ருசி பார்க்க முடியாது, பாருங்கள்! முந்நூறு பேர் குடிக்கிற கஞ்சிக்கு, நாக்கில் வைக்காமல் ஞாபகத்தை நம்பியே உப்புப் போடுவார் மனிதர். ஒரு நாள் பிசகியதில்லை.

இந்த வருடம் பிசகியது. முதல் வாரத்தில் இரண்டு நாள், போட்டதை மறந்து மறுபடியும் போட்டுவிட்டார். நோன்பு திறந்து முதல் வாய் குடித்ததுமே தெரிந்துவிட்டது. சுற்றிலும் பார்த்தார். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. மரியாதையாம், மரியாதை!

அந்தச் சமயத்தில்தான் சுகாதார ஊழியர் ஐரின் வீட்டுக்கு வந்தார். பின்னாளில் மறதி நோய் வர வாய்ப்புண்டா என்று பார்க்கும் படிவம். அறுபது தாண்டியவர்கள் தாங்களே பதில் சொல்ல வேண்டும். மகள் ஷாஹினா பேனாவை வாங்கி, சர்க்கரை, தூக்கம், காது என்று எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று டிக் அடித்துத் தள்ளினாள்.

“செஞ்ச வேலைய மறந்து திரும்பச் செய்யிறதுண்டா?” என்று ஐரின் கேட்டார்.

“எங்க அத்தாவா? சேச்சே, இல்லக்கா.”

“பேனாவக் குடு,” என்றார் நூர் அகமது.

“சும்மா இருங்கத்தா. ஆமான்னு போட்டா ஊரே பேசும். அப்புறம் யாரு ஒங்கள அடுப்புப் பக்கம் விடுவா?”

அது அவருக்குத் தெரியாதா என்ன? அந்தப் பயத்தில்தான் மூன்று நாளாக வாயைத் திறக்காமல் இருந்தார்.

“நோன்ப வச்சுக்கிட்டுப் பொய் சொல்லச் சொல்றியா?” பேனாவைப் பிடுங்கி, தாள் கிழிகிற மாதிரி ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டார்.

“இதுக்காக நோயின்னு அர்த்தமில்ல பாய். பிரஷரு, தூக்கமில்லாததுகூட காரணமா இருக்கலாம். டாக்டரப் பாருங்க,” என்றார் ஐரின்.

நூர் அகமது நேரே பள்ளிவாசலுக்குப் போனார். நிர்வாகி முகமது யாசினிடம், நாலு பேர் முன்னால் சொன்னார்: “ரெண்டு நாளு உப்ப ரெண்டு வாட்டி போட்டது மறதியிலதேன். டாக்டர்ட்ட போறேன். கஞ்சிக்கு வேற ஆளப் பாருங்க.” எத்தனை பேருக்கு வரும் இந்தத் துணிச்சல்?

யாசின் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “வேற ஆளு எதுக்கு மாமு? நீங்க அளவச் சொல்லுங்க, நான் போடுறேன்.”

அன்றைக்கு அப்படியே நடந்தது. கிண்டிக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தி, எல்லார் காதிலும் விழும்படி சத்தமாகக் கேட்டார்:

“யாசினு, உப்புப் போட்டாச்சா?”

“போட்டாச்சு மாமு.”

கொஞ்சமும் கூச்சப்படாமல், இறக்குவதற்குள் இன்னும் இரண்டு தடவை கேட்டார்.