மூலையில் நின்ற கலர் மெஷின்

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில், பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் எங்கள் ஆபீஸ். கப்பலில் வந்து இறங்கும் சரக்கு நனைந்திருக்கிறதா, துருப்பிடித்திருக்கிறதா, மூட்டை கிழிந்திருக்கிறதா என்று பார்த்துப் போட்டோ எடுத்து, இன்சூரன்ஸ்காரர்களுக்கு ரிப்போர்ட் எழுதிக் கொடுப்பதுதான் அங்கே தொழில். துறைமுகத்துக்குள் போய் அந்தப் போட்டோக்களை எடுத்து வந்தவர் என் கணவர். எண்ணூர் நெடுஞ்சாலையில் ஒரு டிரெய்லர் லாரி அவரை அடித்துப் போட்டுவிட்டுப் போனது. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டார் மனுஷன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு முதலாளி திருவொற்றியூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். தெற்கத்திக்காரர், ஆபீஸில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. உள்ளே வரச் சொல்லியும் வராமல் வாசலிலேயே நின்றார். "ஆபீஸுக்கு ஒரு கலர் ஜெராக்ஸ் மெஷின் வாங்கப் போறேன்மா. போட்டோவெல்லாம் காப்பி எடுக்கதுக்கு ஆள் வேணும். நீ வா" என்றார். என் மகள் அப்போது ஐந்தாம் வகுப்பு. வேறு யோசனைக்கெல்லாம் எனக்கு இடமில்லை. வருகிறேன் என்று சொன்னேன்.

இப்படித்தான் மெஷினும் நானும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தோம். அது யாரோ ஓட்டிப் பழசாக்கிய மெஷின், ஓர் அலமாரி அளவுக்கு இருந்தது. ஹாலில் வேறு இடமில்லாததால் என் கணவர் உட்கார்ந்திருந்த மூலையில், அவருடைய மேசையை ஒட்டி அதை நிறுத்தினார்கள். அவருடைய நாற்காலியில்தான் நான் உட்கார்ந்தேன். முதல் நாள் மேசை டிராயரைத் திறந்தபோது அவருடைய சீப்பு கிடந்தது. திறந்த வேகத்திலேயே மூடிவிட்டேன்.

சும்மா இருக்கும்போது மெஷின் திடீரென்று தானாக உயிர் பெறும். உள்ளே ஏதோ உருளும், விளக்கு ஒருமுறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய் வரும், பிறகு அடங்கிவிடும். நான் பயந்துபோய், அதைப் பார்க்க வரும் மெக்கானிக்கிடம் கேட்டேன். வியாசர்பாடிக்காரர், நல்ல மாதிரி. "அது ஒண்ணியும் இல்லக்கா. கலர் கரீட்டா கீதான்னு அதுவே செக் பண்ணிக்கும். நீ பாட்டுக்கு ஒன் வேலயப் பாரு" என்றார். அதற்குப் பிறகு நான் அதைக் கண்டுகொள்வதில்லை.

இரண்டாம் மாதத்திலிருந்து தொல்லை ஆரம்பித்தது. வெள்ளைத் தாள் வெள்ளையாகவே வரவில்லை. டீ சிந்திக் காய்ந்ததுபோல ஒரு பழுப்பு படிந்து வந்தது. பிறகு சிவப்பு விளக்கு எரியும், சின்னத் திரையில் ஏதோ ஓர் எழுத்தும் எண்ணும் வந்து நிற்கும், மெக்கானிக்கைக் கூப்பிடு என்று சொல்லும். அணைத்துப் போட்டால் ஒரு காப்பி வரும், அடுத்த காப்பிக்கு மறுபடியும் அதே எண். மெக்கானிக் வருவார், மேல் கண்ணாடியைத் திறந்து துடைப்பார், ஓடும். அவர் திரும்பிப் போய் நாலு நாள் ஆகியிருக்காது, மறுபடி அதே கதை.

ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். துறைமுகத்து நிலக்கரித் தூசு என்றார்கள், ராயபுரத்தில் ஜன்னல் கம்பியைத் தொட்டாலே விரல் கறுத்துப்போகும். உப்புக் காற்று என்றார்கள். கரண்ட் ஏறி இறங்குகிறது என்று சொல்லி அதற்கு ஒரு பெட்டி வாங்கி மாட்டினார்கள். தாளை மாற்றினார்கள், மையை மாற்றினார்கள். மெஷின் எதற்கும் மசியவில்லை. கடைசியில் எஞ்சியது நான் ஒருத்திதான்.

எங்கள் கணக்கர் அதை நேராகச் சொல்ல மாட்டார். பேப்பரைப் பார்த்துக்கொண்டே சொல்வார். "இன்னா பண்றது, சில பேரு கைராசி அப்பிடி. தொட்டதெல்லாம் பேஜாரு." எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறும். தாலி அறுத்தவள் கை பட்டால் இரும்பும் பிளாஸ்டிக்கும் கெட்டுப்போகுமாம்! திருப்பிக் கேட்டிருப்பேன், என் வாய் அப்படிப்பட்டதுதான். ஆனால் மகளுக்கு ஸ்கூல் யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்திருந்தேன், கூலிக்குச் சம்பளம் வந்தாகவேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஒரு நாள் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ரிப்போர்ட் ஒன்று திரும்பி வந்தது. அரிசி மூட்டைகள் நனையவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் போட்டோவில் எல்லா மூட்டையிலும் கறை தெரிகிறதே, எதை நம்புவது என்று கேட்டிருந்தார்கள். நல்ல மூட்டைக்கு எங்கள் மெஷின் கறை பூசி அனுப்பியிருந்தது. அண்ணாச்சி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. காப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே, "இந்த மாசத்துக்குள்ள சரியாகலன்னா, வாங்கின எடத்துலயே தூக்கிக் குடுத்துருவோம். காப்பியைப் பாரீஸ் கார்னர்ல வெளிய எடுத்துக்கிடலாம்" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. மெஷின் போனால் எனக்கு அந்த ஆபீஸில் என்ன வேலை?

அன்றைக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன். யாரோ எழுந்து உட்கார இடம் கொடுத்தார்கள்.

மறுநாள் மெக்கானிக்குக்கு போன் போட்டு, மேலே மேலே துடைத்துவிட்டுப் போகிற வேலையெல்லாம் வேண்டாம், முழுசாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும் என்று கறாராகச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலையில் வந்தார். மேல் கண்ணாடியையே கழற்றி வைத்துவிட்டு, உள்ளே விளக்கோடு சேர்ந்து ஓடும் சின்னச் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடிகளை ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் துடைத்தார். பஞ்சு பழுப்பாக வந்தது. இன்னொரு பஞ்சு, அதுவும் பழுப்பு.

"இன்னாக்கா இது? கரித்தூளுன்னா கறுப்பா இல்ல வரணும்? இது பிசின் மாரி ஒட்டிகினு கீது."

கொடுங்கள் என்று வாங்கி மூக்கருகே கொண்டுபோனேன். ஸ்பிரிட் வாடைக்கு அடியில் இன்னொரு வாசனை. தலைக்குக் குளித்துவிட்டு வந்த மகளின் கூந்தலுக்குக் காட்டுகிற புகையின் வாசனை.

"சாம்பிராணி" என்றேன்.

அவரும் முகர்ந்து பார்த்தார். "அட, ஆமாங்கா! இது எப்டி உள்ள வந்துச்சு?" என்றவர், மெஷினின் பின்பக்கத்தில் காற்று இழுக்கும் விசிறியைத் திறந்து காட்டினார். அதன் இறக்கைகளிலும் அதே பழுப்புப் பிசுக்கு. "யாரோ கிட்டயே வெச்சிப் பொகய காட்டிகிறாங்க. இது சர்ருனு இஸ்து உள்ள வுட்டுகிது. கண்ணாடி மங்குனா வெளிச்சம் பத்தல, வெளிச்சம் பத்தலன்னா மெஷினு நின்னுடும். அத்தான் மேட்டரு."

சாமி படம் இருப்பது வாசல் பக்கத்தில், ஹாலின் அந்தக் கோடியில். அங்கே காட்டும் புகை இத்தனை தூரம் வந்து விசிறிக்குள் இப்படிப் படியாது. சனிக்கிழமை காலைகளில் ஹாலில் லேசாக மணம் இருக்கும். வெள்ளிக்கிழமை பூஜை என்று நினைத்துக்கொள்வேன். பூஜையை நான் பார்த்ததில்லை. ஏனென்றால் வெள்ளிக்கிழமைகளில் அண்ணாச்சி என்னை நாலு மணிக்கே அனுப்பிவிடுவார். "விளக்கேத்துற நாளு, சீக்கிரம் கிளம்பும்மா" என்பார். இவ்வளவு நல்ல மனுஷனா என்று அதை நான் வீட்டில் சொல்லிச் சொல்லி மகிழ்ந்திருக்கிறேன்.

அன்றைக்கும் நாலு மணிக்கு அதையே சொன்னார். பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். பஸ் ஸ்டாப்புக்குப் போகாமல் எதிர்ப்புற டீக்கடை ஓரமாக நின்றேன். ஐந்து மணி வாக்கில், கடை கடையாகச் சாம்பிராணி போட்டுக்கொண்டு வரும் பாய், தணல் சட்டியும் மயிலிறகு விசிறியுமாக எங்கள் மாடிப்படி ஏறினார். கொஞ்சம் விட்டு நானும் ஏறினேன்.

ஹாலில் யாரும் இல்லை, போட்டோ எடுக்கப் போனவர்கள் துறைமுகத்திலிருந்து இன்னும் திரும்பவில்லை. அண்ணாச்சியின் அறைக்குள் கணக்கரின் குரல் கேட்டது. பாய் சாமி படத்துக்கு ஒரு சுற்றுக் காட்டிவிட்டு நேராக என் மூலைக்குப் போனார். நாற்காலிக்கு அடியில் சட்டியை நீட்டினார். மேசைக்கு மேல் விசிறினார். பிறகு இன்னும் ஒரு பிடி சாம்பிராணியை அள்ளித் தணலில் போட்டு, மெஷினுக்குப் பின்னால் கையை விட்டு, சுவரோரம் பூராவும் புகைய விட்டார். அந்த மூலையே வெள்ளையாக மறைந்துபோனது.

"ஏன் பாய், இங்க மட்டும் இவ்ளோ போடுறீங்க?" என்று கேட்டேன்.

என்னை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. "உனுக்குத் தெர்யாதா? புச்சா வந்துகிறியாம்மா? இந்த எட்த்துல ஒக்காந்துகினு இருந்தவரு லாரில அட்பட்டுப் பூட்டாராம். போனவரு போவாம இங்கயே சுத்திகினு கீறாராம். ஆளு இல்லாத நேரத்துல மெஷினு தானா ஓடுதாம். கணக்கரு கண்ணால பாத்துகிறாரு. அத்தான், அவரு போற வரிக்கும் நல்லா போடச் சொல்லிகிறாங்கோ."

மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். அவரை விரட்டத்தான் இந்தப் புகை. வாரா வாரம், அவர் நாற்காலிக்கு அடியில், என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டு.

"அவரு என் வூட்டுக்காரரு பாய்" என்றேன்.

பாயின் கை அப்படியே இறங்கியது. "யா அல்லா" என்றார். பிறகு ஏதோ தப்புச் செய்து பிடிபட்டவர்போல விசிறியால் புகையை ஜன்னல் பக்கம் தள்ளிவிட ஆரம்பித்தார். பாவம், அவர் மேல் என்ன குற்றம்?

சத்தம் கேட்டு அண்ணாச்சி வெளியே வந்தார். பின்னால் கணக்கர். என்னைப் பார்த்ததும் இருவருக்கும் முகம் செத்துப்போனது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தணல் சட்டியைப் பிடுங்கி வீசியிருப்பேன். ஆனால் வாயைத் திறந்தால் மெஷின்தான் முதலில் வந்தது. விசிறி, பிசுக்கு, கண்ணாடி என்று மெக்கானிக் சொன்னதையெல்லாம் மூச்சு விடாமல் சொன்னேன். தானாக ஓடுவது ஏன் என்பதையும் சொன்னேன். "பொகயதான் அண்ணாச்சி மெஷினக் கெடுத்தது. என் கை இல்ல" என்று கணக்கரைப் பார்த்துச் சொன்னேன். அவர் தரையைப் பார்த்தார்.

அண்ணாச்சி மெஷினுக்குப் பின்னால் குனிந்து விசிறியைப் பார்த்தார். பிறகு, "உன் மனசு சங்கடப்படக் கூடாதுன்னுதாம்மா ஒன்ட்ட சொல்லல. ஒத்தையா இந்த மூலையில உக்காந்திருக்க. அவன் ஆத்துமா அலையுதுன்னு தெரிஞ்சா நீ பயந்துருவ..." என்றார்.

"எனக்கு இன்னா பயம்?" என்றேன். "அவரு வந்தா எனக்குத் தெரியாதா? தெனம் காலைலேர்ந்து இந்த நாற்காலிலதான ஒக்காந்துகினு கீறேன். ஒரு நாள், ஒரே ஒரு நாளு வரல அண்ணாச்சி."

பாய் சட்டியை எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் படியிறங்கினார். அண்ணாச்சி தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து பாய் வாசலோடு நின்று, சாமி படத்துக்கு மட்டும் காட்டிவிட்டுத் திரும்பினார். மெக்கானிக் வந்து விசிறியையும் கண்ணாடிகளையும் இன்னொரு முறை துடைத்துவிட்டுப் போனார், சிவப்பு விளக்கு அதற்குப் பிறகு எரியவில்லை. தாள் வெள்ளையாக வந்தது, நல்ல மூட்டை நல்ல மூட்டையாக வந்தது. மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. மகள் பள்ளிக்கூடம் முடிக்கும்வரை நான் அந்த ஆபீஸில்தான் இருந்தேன். வெள்ளிக்கிழமைகளில் நாலு மணிக்குக் கிளம்பச் சொல்வதை அண்ணாச்சி நிறுத்திவிட்டார். நானும் எல்லோரையும் போல ஆறு மணிக்குத்தான் போனேன்.

மெஷின் மட்டும் பழையபடி அவ்வப்போது தானாக ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே உருளும், விளக்கு போய் வரும். கலர் சரியாக இருக்கிறதா என்று அது பார்த்துக்கொள்கிறது, வேறொன்றுமில்லை. எல்லோருக்கும் அதை எடுத்துச் சொன்னவளே நான்தான். ஆனாலும் அது ஓடி அடங்கும்வரை கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன்.