நாலு தேக்சாவும் ஒரு ஓவர்டிரைவ் பட்டனும்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணி இருக்கும், தோசைக்கல் அப்போதுதான் காய்ந்துகொண்டிருந்தது. போன் அடித்தது. செங்கல்பட்டில் எங்கள் அடுத்த தெரு ஜரினா அக்கா. அவர் வீட்டுக்காரர் காதர் பாய், பிரியாணி மாஸ்டர்.

"கலா, இன்னா பண்ணிகினு கீறே? ஒடனே வூட்டாண்ட வா. டிரைவருக்கு ஜுரம். நாலு தேக்சா பிரியாணியும் தம் போட்டாச்சு, வண்டி எடுக்க ஆளு இல்ல."

"ஸ்டாண்டுல யாராச்சும் இருப்பாங்களே அக்கா."

"ரெண்டு பேரு வந்தானுங்க. கிளட்ச் எங்க கீதுன்னு தேடிட்டு அப்படியே போய்ட்டானுங்க."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன்.

நாவலூரில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் ஆட்டோமேட்டிக் கார் சொல்லிக்கொடுப்பது என் வேலை. தலைமுடி நரைக்கும் அளவுக்கு அந்தச் சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். புதிதாகச் சேரும் டிரெய்னர்கள் என்னிடம் அதிகம் கேட்பது, "மேடம், ஓவர்டிரைவ் எப்போ போடணும், எப்போ எடுக்கணும்?" போர்டில் படம் போட்டு விளக்கலாம். ஆனால் எனக்கே அது எலும்பில் ஏறியது அந்த ஞாயிற்றுக்கிழமைதான். அதனால் அதையே எழுதுகிறேன்.

1. மஞ்சள் விளக்கு

முதலில் என்ன அவசரம் என்று சொல்லிவிடுகிறேன். மாமல்லபுரத்துக்கு வடக்கே, நெம்மேலிப் பக்கம், கடற்கரை ரிசார்ட் ஒன்றில் நிக்காஹ். ரிசார்ட்டுக்குள் விறகு அடுப்பு மூட்டக்கூடாது என்பது அவர்கள் சட்டம். காதர் பாய்க்கோ கேஸ் அடுப்பில் பிரியாணி என்றால் முகம் சுளிக்கும். "வேணாம், ஆறிப்போய் பேரு கெட்டுடும்" என்று ஒதுங்கப் பார்த்திருக்கிறார். ஜரினா அக்காதான் மேனேஜரிடம் போய், வீட்டில் தம் போட்டு, சீல் உடையாமல், ஆவி பறக்கக் கொண்டுவந்து இறக்குகிறோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். மேனேஜரும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு மணிக்குச் சாப்பாடு மேஜையில் இல்லை என்றால் ரிசார்ட் கிச்சன் சாப்பாடு போகும், இனி வெளிச் சமையலே கிடையாது என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

வண்டி, பழைய பெரிய ஆட்டோமேட்டிக். பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, நாலு தேக்சாவையும் ஈரச் சாக்கு சுற்றி, கயிறு போட்டு இறுக்கியிருந்தார்கள். மூடியைச் சுற்றி மைதா மாவு பூசி அடைத்திருந்தது. பாய் தேக்சாக்களுக்கு நடுவே குந்தினார். அக்கா முன்னால் என் பக்கத்தில்.

கியர் லீவரைப் பிடித்தேன். பட்டன் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப்பு சுற்றியிருந்தது.

"பாய், ஓவர்டிரைவ் பட்டனை ஏன் மூடி வச்சிருக்கீங்க?"

"அத்த அமுக்கினா டேஷ்போர்டுல மஞ்ச வெளக்கு எரியுது மா. எரிஞ்சா வண்டி கெட்டுடும்னு வித்தவன் சொன்னான். யாரும் கை வெச்சிடக் கூடாதுன்னு ஒட்டிட்டேன்."

அந்த விளக்கு 'ஓவர்டிரைவ் இப்போது இல்லை' என்று மட்டும்தான் சொல்கிறது. அதில் கெடுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் மணி ஓடிக்கொண்டிருந்தது. போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்தேன்.

2. யார் அடுப்பு வாடை?

ஓவர்டிரைவ் என்ற பேரைக் கேட்டதும் என்னிடம் கற்க வரும் ஐடி பிள்ளைகளுக்குக் கண் மின்னும். "மேடம், இது டர்போ மாதிரியா?" ஐயோ, நேர் எதிர். இந்த மாதிரி நாலு கியர் பெட்டியில் அதுதான் கடைசி கியர். வண்டி ஓடும் வேகத்துக்கு இன்ஜின் குறைவாகச் சுற்றும். சமதளத்தில், காலி ரோட்டில், நிம்மதியாகப் போவதற்கு உண்டானது. இழுவை அதில் கிடையாது.

திருக்கழுக்குன்றம் ரோட்டில் காட்டை ஒட்டி ரோடு லேசாக ஏறி இறங்கும். காலி வண்டிக்கு அது ஏற்றமாகவே தெரியாது. நாலு தேக்சா ஏற்றிய வண்டிக்குத் தெரிந்தது. ஓவர்டிரைவுக்குப் போகும், இழுக்க முடியாமல் மூன்றுக்கு இறங்கும், கொஞ்சம் வேகம் வந்ததும் மறுபடி ஓவர்டிரைவுக்குப் போகும். போய்ப் போய் வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டுக்கும் பின்னால் தேக்சாக்கள் ஒன்றை ஒன்று இடித்தன.

"மெதுவா மா! கம்பெனி பசங்கள வெச்சி ஓட்டுற மாதிரி ஓட்டாத" என்றார் பாய்.

எனக்குச் சுருக்கென்றது. நான் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

அடுத்த வெட்டில் பின்னால் 'உஸ்ஸ்' என்று ஒரு சத்தம். ஒரு தேக்சாவின் மாவு சீல் விட்டுவிட்டது. ஆவி வெளியே போனால் மேலே இருக்கிற அரிசி வேகாது, தேக்சாவின் அடிச்சூட்டிலேயே கீழே பிடித்துவிடும். கூடவே ஒரு கருகல் வாடை. ஜரினா அக்கா வாயைப் பொத்திக்கொண்டார்.

வண்டியை ஓரங்கட்டினேன். பாய் ஒவ்வொரு தேக்சாவின் பக்கத்திலும் மூக்கை வைத்து மோந்து பார்த்தார். கடைசியில் நிமிர்ந்து, "இது என் அடுப்பு வாடை இல்ல" என்றார்.

அது கியர் பாக்ஸ் ஆயிலின் வாடை. கியர் சும்மா சும்மா மாறி மாறிச் சூடேறியிருந்தது. இப்படியே போனால் வண்டி நடுரோட்டில் படுத்துவிடும்.

அக்கா மடியில் ஒரு கிண்ணத்தில் மிச்ச மாவு வைத்திருந்தார். இறங்கி, சுடச்சுட இருந்த மூடி விளிம்பில் அவரும் பாயுமாகப் பூசினார்கள். எங்களுக்கு இருந்த கொஞ்ச நேரத்திலும் பாதி அதில் கரைந்தது.

"பாய், டேப்பை எடுத்துடுறேன்."

"வேணாம் மா. இன்னும் ஒரு பேஜாரு தாங்காது."

ஜரினா அக்கா மாவுக் கையோடு முன்னால் வந்தார். "கறிய பத்தி உங்களுக்குத் தெரியும். வண்டிய பத்தி அவளுக்குத் தெரியும். வாக்கு குடுத்தது நானு." சொல்லிக்கொண்டே நகத்தால் டேப்பைக் கிழித்து எடுத்தார்.

3. ஒரே அனல்

இன்ஜினைச் சும்மா ஓடவிட்டு ஆயில் சூடு தணிந்த பிறகு கிளம்பினோம். வேகம் பிடித்ததும் ஆக்சிலரேட்டரில் காலைக் கொஞ்சம் தளர்த்திப் பட்டனை அமுக்கினேன். மஞ்சள் விளக்கு எரிந்தது. கியர் மூன்றில் நின்றது.

"இன்ஜின் கத்துது மா!"

"கத்தட்டும் பாய். தேக்சா கத்துதா பாருங்க."

பாய் குனிந்து, பூசிய இடத்தில் காது வைத்தார். ஏற்றம் வந்தது, ஏறினோம். வெட்டு இல்லை. இறக்கம் வந்தது. மூன்றாம் கியரே வண்டியைப் பிடித்துக்கொண்டதால் பிரேக்கில் அடிக்கடி கால் வைக்கும் வேலையும் இல்லை. பின்னால் சத்தமே இல்லை. எனக்கு உள்ளுக்குள் குதிக்கத் தோன்றியது.

பாய் நிமிர்ந்தார். "இப்போ புரியுது. அனல ஏத்தி எறக்கி ஏத்தி எறக்கினா சோறு ஒடஞ்சிடும். ஒரே அனல்ல நிக்கணும். அத்த தானே பண்றே?"

இத்தனை வருஷம் போர்டில் படம் போட்டிருக்கிறேன். இவ்வளவு நன்றாக நான் சொன்னதே இல்லை. "அதேதான் பாய்" என்றேன்.

அதற்குப் பிறகு அவரை அடக்க முடியவில்லை. திருக்கழுக்குன்றம் தாண்டி, சவுக்குக் கட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று எங்கள் முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. நேரமோ போகிறது. நல்ல நீளத்துக்கு எதிரில் வண்டி இல்லை. "மூணுல தானே கீறே? அப்போ போ மா, இழுக்கும்" என்றார். ஓவர்டிரைவில் இருந்திருந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் கியர் இறங்கி ஒரு குதி குதித்திருக்கும். இப்போது கூப்பிட்டதும் வந்தது. டிராக்டரைத் தாண்டும்போது அக்கா சத்தமாக பிஸ்மில்லா சொன்னார்.

ஈசிஆரில் ஏறியதும் ரோடு தட்டையாக விரிந்தது. பட்டனை மறுபடி அமுக்கினேன். விளக்கு அணைந்தது, ஓவர்டிரைவ் வந்தது, இன்ஜின் அடங்கியது. கடற்காற்று உள்ளே வந்தது. "இப்போ ஏன் போட்டே?" என்றார் பாய். "ஏத்தம் இல்ல, யாரையும் முந்தல, ஒரே வேகம். இதுக்குத்தான் அது இருக்கு" என்றேன். தலையை ஆட்டிக்கொண்டார்.

4. மூடி திறந்தபோது

ரிசார்ட் வாசலில் மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு மணிக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. பாய் வேறு எதையும் தொடாமல், சீல் விட்ட தேக்சாவைத்தான் முதலில் திறந்தார். அக்கா திரும்பி நின்றுகொண்டார். பார்க்க முடியவில்லை அவரால். ஆவி எழுந்தது. பாய் கரண்டியை அடிவரை விட்டு எடுத்தார். அரிசி ஒன்றோடொன்று ஒட்டாமல் முழுசாக நின்றது.

"ஜரினா" என்று மட்டும் கூப்பிட்டார். அக்கா திரும்பிப் பார்த்ததும் அழுதுவிட்டார். நானும்தான்.

பந்தி முடியும் நேரத்தில் மேனேஜர் பாயிடம் வந்தார். "அடுத்து ரெண்டு ஃபங்ஷன் இருக்கு பாய். நீங்களே பண்ணிக் குடுக்கறீங்களா?"

பாய் அக்காவைக் காட்டினார். "அவங்கள கேளுங்க சார். வாக்கு குடுக்கிறது அவங்க டிபார்ட்மெண்ட்."

டிரெய்னர்களுக்குச் சொல்வது இதுதான். சுமை, ஏற்றம், இறக்கம், முந்துவது என்றால் ஓவர்டிரைவை எடுங்கள். காலி ரோட்டில் சீராகப் போகும்போது போடுங்கள். புது வண்டிகளில் இந்தப் பட்டன் இருக்காது, வேறு பேரில் வேறு இடத்தில் இருக்கும், வேலை இதேதான். ஆனால் இதைச் சொல்வதற்கு முன்னால், பக்கத்துச் சீட்டில் இருப்பவர் என்ன தொழில் செய்கிறார் என்று கேளுங்கள். அதிலிருந்தே ஆரம்பியுங்கள்.

சில நாள் கழித்து அந்த வண்டி எங்கள் தெருவில் நின்றது. ஜுரம் தெளிந்த டிரைவர் உள்ளே உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தேன். கறுப்பு டேப்பு இருந்த இடத்தில் வெள்ளை பிளாஸ்திரி ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால் 'தம்' என்று எழுதியிருந்தது.

"இன்னா அண்ணாத்த இது?"

"பாய் ஒட்டினாரு. லோடு ஏத்தினா இத்த அமுக்கணுமாம். அமுக்கிட்டு, மஞ்ச வெளக்கு எரியுதான்னு அவரே எட்டிப் பாக்குறாரு. எரியலேன்னா வண்டிய எடுக்க வுட மாட்டேன்றாரு."