மயில்கழுத்துப் பச்சைக்கு அடியில

மீனாட்சிபுரத்துலிருந்து பொள்ளாச்சி போற ரோட்டுல எனக்கு ஒரு ஷெட்டு இருக்குது. காருக்கு ராப் ஒட்டறதுதான் எனக்குத் தொழில். தெரியாதவங்களுக்குச் சொல்லிர்றேன், பெயிண்டே அடிக்காம, வண்டி முச்சூடும் வினைல் ஷீட்டை இழுத்து ஒட்டி வேற கலராக்கிப் போடறதுக்குப் பேருதான் ராப். ஊருக்குள்ள என்னை ஸ்டிக்கர்காரன்னுதான் சொல்லுவாங்க. சொல்லீட்டுப் போறாங்க. ஒரு வண்டியக் கையில தடவிப் பார்த்தே அது எங்க அடிபட்டு எங்க ஒக்கிட்டு ரிப்பேர் பண்ணுனதுன்னு நான் சொல்லிருவேன். அதைப் பெருமையா நெனச்சுட்டிருந்த காலமும் உண்டு.

எனக்கு ஒரு கூட்டாளி இருந்தான். பார்டர் தாண்டி, மலையாளத்துச் சித்தூர் பக்கம் பழைய கார் வாங்கி விக்கிறவன். மூணாங்கிளாஸ்லிருந்து ஒண்ணாச் சுத்துனோம். எங்கம்மா கையில அவன் தின்ன சோத்துக்குக் கணக்கே இல்ல. என்ற தங்கச்சிய அவனும் அம்மிணின்னுதான் கூப்பிடுவான், அவளும் அவனை அண்ணான்னுதான் சொல்லுவா. இதையெல்லாம் எதுக்குச் சொல்றேன்னா, பின்னால நான் அவனைத் திட்டறப்ப இவன் ஏன் இத்தன ஆங்காரமாப் பேசறான்னு உங்களுக்குத் தோணக் கூடாது.

ஒரு மார்கழியில அவன் ஒரு வெள்ளைக் காரைக் கொண்டாந்து ஷெட்டுக்குள்ள உட்டான். கோயமுத்தூர்ல ஒரு பார்ட்டிக்கு, மயில்கழுத்துப் பச்சை ஒட்டிக் குடுன்னான். பட்டுச் சேலையில வருமே, வெளிச்சத்துல நீலமும் நெழல்ல பச்சையுமாத் தெரியற கலரு, அது. என்ற ஷெட்டுல ஒரு பழக்கம் வெச்சிருந்தேன். ஒட்டறதுக்கு மின்னாடி வண்டிக்காரரைக் கூட்டிக்கிட்டு ஒரு சுத்து வந்து, சொட்டை, கீறல், பள்ளத்தை அடைக்கப் பட்டி பூசுன எடம் எல்லாத்தையும் மஞ்ச சாக்பீஸ்ல வட்டம் போட்டு, போட்டோ எடுத்து அவங்களுக்கு அனுப்பிருவேன். ஷீட்டு ஒட்டுனா எல்லாம் மறைஞ்சு போயிருதுங்களே, நாளைக்கு ஒருத்தரும் கேள்வி கேக்கக் கூடாது.

அன்னைக்கும் சாக்பீஸை எடுத்தேன். அவன் சிரிச்சான். "ஏன்டா, எனக்குமா?" அப்படின்னான்.

எனக்கு வெக்கமாப் போச்சு. சாக்பீஸைத் திருப்பிச் சட்டை ஜோப்புல போட்டுட்டேன். மனுசன் ஏமாறதுக்குப் பெரிய சூழ்ச்சியெல்லாம் வேண்டியதில்ல, அந்த ஒரு சிரிப்புப் போதும்.

வண்டியக் கழுவி, ஸ்பிரிட் போட்டுத் தொடச்சுட்டு வந்தப்ப இடது பக்க முன்னாடி பில்லர்ல என்ற விரல் நின்னு போச்சு. கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவுல கூரையத் தாங்கி நிக்குமே, அந்தத் தூண். அடியில ஒரு சாண் ஒசரத்துக்குப் பட்டி மேடு தட்டுச்சு. கதவைத் தொறந்து உள்பக்கம் தடவுனா, வெல்டு வெச்ச தழும்பு. வேற ஏதோ வண்டியில இருந்து அறுத்தெடுத்துச் சேர்த்துப் பத்த வெச்ச தூண் அது. வண்டி பலமா எங்கியோ மோதியிருக்குது. இன்னொருக்கா அடிபட்டா அந்தத் தூண் நிக்காது.

"இது என்னடா?"ன்னு கேட்டேன்.

"வாங்கறவருக்கு எல்லாந் தெரியும். அவரு ஊட்டுக்கும் தோட்டத்துக்கும் ஓட்டறதுக்கு. நீ கதவுக்கு உள்பக்கமும் சேர்த்து ஒட்டிரு"ன்னான்.

கதவுக்கு உள்பக்கம் யாரும் ஒட்டச் சொல்ல மாட்டாங்க. அப்பவே எனக்கு மண்டையில ஏறியிருக்கோணும். ஏறல. ஹீட் கன்ல சூடு காட்டி, ஷீட்டை இழுத்து, தடவித் தடவி ரெண்டு நாள் ஒட்டுனேன். அந்தப் பில்லருக்கு மட்டும் மூணு தடவை சூடு காட்டி அமுக்கினேன். வேலைன்னா வேலைதான், கண்ணை மூடிட்டுச் செய்ய எனக்கு வராது. முடிச்சுப் பார்த்தப்ப நானே அசந்து போனேன், அத்தன அழகு.

பத்து நாள் கழிச்சு ஷெட்டுக்கு மின்னால ஹாரன் சத்தம். வெளிய வந்தா அதே வண்டி. ஸ்டியரிங்ல என்ற தங்கச்சி. அவ கொழிஞ்சாம்பாறை பக்கம் தமிழ்ப் பள்ளிக்கோடத்துல டீச்சர். மாப்பிள்ளை வெளிநாட்டுல. ஆறு வயசுல ஒரு பொண்ணு. பள்ளிக்கோடம் போக ஒரு காரு வாங்கோணும்னு ஒரு வருசமாச் சொல்லீட்டே இருந்தவ, எங்கிட்ட மூச்சு உடாம வாங்கிட்டு வந்து நிக்கிறா.

"அண்ணாகிட்டச் சொல்லாதே, நேராக் கொண்டுபோய்க் காட்டு, அசந்துருவான்னு உங்க கூட்டாளியண்ணா சொன்னாருங்ணா"ன்னா. அப்புறம் சொன்னா, "மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போயிப் பார்க்கலாம்னுதான் இருந்தேன். உங்க கையால ஒட்டுன வண்டின்னு சொல்லிப் போட்டாரு. பொறவு எதுக்கு மெக்கானிக்குன்னு உட்டுட்டேன்."

அட கெரகமே, என்ற கைதான் அவனுக்குச் சர்ட்டிபிகேட்டு. அந்த நிமிசமே சொல்லியிருக்கோணும். பிள்ளை முன்னாடி சீட்டுல உக்காந்துட்டு, "மாமா, மயிலு வண்டி"ன்னுச்சு. நான் பல்லைக் காட்டிட்டு நின்னேன்.

அன்னைக்கு மத்தியானமே அவன் கடைக்குப் போய்ச் சட்டையப் புடிச்சேன். "எங்கம்மா சோத்தைத் தின்ன வாயிதானடா இது? அம்மிணி அம்மிணின்னு கூப்புட்டதும் இந்த வாயிதானே?" அப்படின்னேன். அவன் பதறவே இல்ல. "விஷு முடியட்டும், வேற நல்ல வண்டி வருது, மாத்திக் குடுத்தர்றேன். அதுக்குள்ள நீ போய் அவகிட்ட ஒளறி வெக்காதே. தெரிஞ்சே ஒட்டுனவன் நீ. நாளைக்கு உன்னைத்தான் கேப்பா"ன்னான்.

முப்பது வருசப் பழக்கம். என்னை எங்க அமுக்குனா நான் வாயத் தொறக்க மாட்டேன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அமுக்குனான். நானும் தொறக்கல. அவன் பண்ணுனது துரோகம், அதுல சந்தேகமே வேண்டாம், இன்னைக்கும் அவன் பேரைச் சொன்னா எனக்குப் பத்தீட்டு வருது. ஆனா அதுக்கப்புறம் நான் பண்ணுனதுக்கு என்ன பேரு வெக்கறதுன்னு யோசிச்சுப் பார்த்திருக்கேன். அதே பேருதான் வருது.

மாசியில பில்லர்கிட்ட ஷீட்டு எந்திரிக்க ஆரம்பிச்சுது. பட்டிக்கு மேல ஒழுங்காப் பெயிண்ட் இல்லீன்னா கோந்து நிக்காது, வெயில் ஏற ஏறக் கொப்புளம் கட்டும். தங்கச்சி போன் பண்ணுனா. ஞாயித்துக்கிழமை ஹீட் கன்னை எடுத்துட்டு அவ ஊட்டுக்குப் போனேன். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை அவ வண்டிக்குச் சந்தனம், குங்குமம் வெச்சுக் கற்பூரம் காட்டறவ. பானெட்ல மூணு பொட்டுக் கறை. அதைப் பார்த்ததும் எனக்கு வாயில பொய் தானா வந்துச்சு.

"கற்பூரத்தட்டை வண்டிக்குக் கிட்டக் காட்டறியா அம்மிணி? அந்தச் சூட்டுலதான் எந்திரிக்குது"ன்னேன்.

அவ மூஞ்சி சுருங்கிப் போச்சு. "அய்யோ, நாந்தான் கெடுத்துட்டனாங்ணா? நீங்க பொன்னுபோல ஒட்டிக் குடுத்ததை"ன்னா. நான் கொப்புளத்தை ஊசியால குத்தி, சூடு காட்டி, அமுக்கி உட்டேன். எனக்குப் பணியாரம் சுட்டுக் குடுத்தா. தின்னேன். அதுக்கடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவ பத்தடி தள்ளி நின்னுதான் தட்டைச் சுத்தறாளாம். கற்பூரம் காட்டறப்பப் பிள்ளையையும் வண்டிகிட்ட வர உடறதில்லையாம். அவளே போன்ல சொன்னா, நான் சரி சரின்னேன்.

பங்குனியில இன்னொருக்கா போய் அமுக்குனேன். சித்திரை வந்துச்சு, விஷு வந்துச்சு, போச்சு. அவன் என்ற போனை எடுக்கறதை நிறுத்துனான்.

வைகாசியில வண்டி ஒரு பக்கமா இழுக்குதுன்னு தங்கச்சி அவளாவே சித்தூர்ல ஒரு ஒர்க்ஷாப்புக்குக் கொண்டு போனா. எங்கிட்டச் சொல்லல, அண்ணனைச் சும்மா சும்மா தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு. அங்கிருந்த மேஸ்திரி மலையாளத்துக்காரரு. பில்லரைத் தட்டிப் பார்த்தாரு, கதவைத் தொறந்து உள்பக்கம் தடவிப் பார்த்தாரு. "சேச்சி, இது ஆரா ஒட்டிச்சது?"ன்னு கேட்டிருக்காரு. எங்கண்ணன்னு சொல்லியிருக்கா. அந்தாளு, ஒட்டுனவருக்குத் தெரியாம இருக்க வழியில்லைன்னு மட்டும் சொன்னாராம்.

அங்கிருந்து நேரா ஷெட்டுக்கு வந்தா. வண்டிய உள்ள உட்டுட்டு எறங்கி நின்னா.

"உங்களுக்குத் தெரியுமா?"ன்னு கேட்டா.

அவன் என்னை ஏமாத்துனதை, சட்டையப் புடிச்சதை, விஷுன்னு தவணை சொன்னதை எல்லாம் வரிசையாச் சொல்லோணும்னு இருந்துச்சு. தெரியும்னு மட்டுந்தான் வாயில வந்துச்சு.

"முச்சூடும் உரிச்செடுங்க. நான் பார்க்கோணும்"ன்னா.

ஒரு பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உக்காந்துட்டா. பதினொரு மணிக்கு ஆரம்பிச்சேன். சூடு காட்டி, மூலையக் கிளப்பி, மெதுவா இழுத்தா ஷீட்டு வரும். வேகமா இழுத்தா கோந்து தங்கிரும். பானெட், கூரை, கதவு ஒவ்வொண்ணா உரிச்சேன். நான் அமுக்கி அமுக்கி ஒட்டுனதெல்லாம் சுருண்டு தரையில கெடந்துச்சு. நடுவுல தண்ணி வேணுமான்னு கேட்டேன். வேண்டாம்னு தலையாட்டுனா. அன்னைக்கு முச்சூடும் அவ என்னை அண்ணான்னு ஒருக்கா கூடக் கூப்புடல.

கடைசியாத்தான் பில்லருக்கு வந்தேன். அத்தன நேரமும் அதைத் தள்ளிப் போட்டுட்டே இருந்திருக்கேன்னு அவளுக்கும் தெரிஞ்சிருக்கும். ஷீட்டோட ஒட்டிக்கிட்டுப் பட்டியும் பாளம் பாளமா வந்துச்சு. அடியில கோணல் மாணலா வெல்டு. அதுக்கு மேல வெள்ளை, கீழ வேற வண்டியோட செவப்பு. கைய உடற அளவுக்கு ஒரு எடத்துல தகரமே இல்ல.

அவ எந்திரிச்சு வந்தா. அந்தத் தூணைத் தொட்டுப் பார்த்தா. அப்புறம் முன்னாடி சீட்டைப் பார்த்தா.

"இந்தப் பக்கந்தான் பாப்பா உக்காருவா"ன்னா. "தினமும் காத்தால உங்க ஷெட்டைத் தாண்டித்தான் பள்ளிக்கோடம் போனோம். மாமா மாமான்னு அவ கை காட்டுவா. நீங்களும் வெளிய வந்து நின்னு கை காட்டுனீங்க."

காட்டுனேன். ஒரு நாள் விடாமக் காட்டுனேன்.